காம்பும் கையும்

கோல்ஃப் என்னும் ஆட்டத்தைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் ஒரு கட்டுரை வருவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். சிலர் நகைக்கவும் கூடும். அந்த ஆட்டத்தை நான் ஆடியதில்லை. இனி ஆடும் எண்ணமும் இல்லை. கொடைக்கானலில் வேலிக்கு அப்பால் நின்று அந்தப் பச்சைப் புல்வெளியைப் பார்த்ததோடு சரி. ஆயினும் அந்த ஆட்டத்தின் கருவி ஒன்று மூன்று நாள்கள் என் சிந்தையை முழுவதும் ஆட்கொண்டிருந்தது. அதற்குக் காரணமானவர் நம் துறையில் இளங்கலைத் தமிழ் பயின்று, இன்று துபாயில் தொழில் செய்துவரும் மாணவர் ஒருவர்.

தமிழ் படித்தவன் சபுராளியாய்ப் போய் அங்கே என்ன செய்வான் என்பது நம் ஊர்ப் பெரியவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி. இந்த மாணவர் கோல்ஃப் மட்டைகள் விற்கும் கடையொன்றின் பின்கட்டில் உள்ள பட்டறையில் வேலை பார்க்கிறார். மட்டையின் தலையைக் கழற்றுதல், காம்பை மாற்றுதல், பிடியுறை போடுதல், ஆடுபவரின் உடலுக்கு ஏற்ற மட்டையை அளந்து தேர்தல் ஆகியவை அவருடைய பணிகள். பிலிப்பைன்ஸ் நாட்டைச் சேர்ந்த மூத்த கைவினைஞர் ஒருவரிடம் ஆறாண்டுகள் உடனிருந்து கற்றுக்கொண்டாராம்.

2024 பிப்ரவரியில் முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் ஒன்றுக்காக அமீரகம் சென்றிருந்தபோது அவருடைய அறையில் தங்கினேன். பகலில் தனியே இருக்க வேண்டாம் என்று என்னையும் பட்டறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர் காட்டிய ஒரு பொருள்தான் இக்கட்டுரைக்கு வித்து. அது ஒரு தடித்த குறிப்பேடு. தம்மிடம் வரும் ஒவ்வொருவரின் அளவுகளையும் அதில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்.

“எண்களை எழுதிவிடுகிறேன் அய்யா. சொற்கள்தாம் கிடைக்கவில்லை. நீங்கள் கலைச்சொல்லாக்கம் நடத்தியபோது நான் பின்வரிசையில் இருந்தேன்” என்று சிரித்தார்.

சொல்லைக் கொடுக்க வேண்டுமானால் பொருளை அறிய வேண்டும். ஆகவே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தேன்.

கோல்ஃப் ஆடுவோர் ஓர் ஆட்டத்தில் பதினான்கு மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அவற்றுள் மிக நீண்டது, மிகத் தொலைவு அடிப்பது, மிக எளிதில் கைவிட்டு விடுவது ‘டிரைவர்’ எனப்படுவது. குழியின் தொடக்கத்தில் முதல் அடி பெரும்பாலும் இதனால்தான். ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள தலை. அதனைத் தாங்கும் காம்பு. காம்பின் மேல்முனையில் பிடியுறை. மூன்றே உறுப்புகள். நம் மண்வெட்டிக்கும் கோடரிக்கும் உள்ளவை இவையே. ‘ஷாஃப்ட்’ என்பதற்குத் ‘தண்டு’ என்று அவர் எழுதியிருந்தார். பிழையன்று, ஆயினும் கருவியில் செருகிய கழிக்குக் காம்பு என்று நாம் காலங்காலமாய் வழங்கும் சொல் இருக்கும்போது செடியிடம் கடன் வாங்குவானேன்? காம்பு என்றே திருத்திக்கொண்டார். கோடரிக்காம்பு என்றால் இனத்தைக் காட்டிக் கொடுப்பவன் என்று நம் வழக்கு கொஞ்சம் கடுமை காட்டும். அதற்குக் காம்பு பொறுப்பாகாது.

இக்கருவியின் வரலாறு சுவையானது. ஸ்காட்லாந்தில் தொடக்கத்தில் சாம்பமரம் போன்ற உள்நாட்டு மரங்களில் காம்பு செய்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஹிக்கரி மரம் வந்தது. வளையும், ஆனால் ஒடியாது. தலைக்குப் பெர்சிம்மன் மரம். இது கருங்காலி இனத்து மரம் என்று அறிந்தபோது எனக்கு நம் வீட்டு உலக்கை நினைவுக்கு வந்தது. ஓங்கி அடிக்கும் கருவிக்கு எந்த மரம் தாங்கும் என்பதைக் கடலுக்கு இப்பாலும் அப்பாலும் ஒன்றுபோலவே கண்டிருக்கிறார்கள். எஃகுக் காம்பை அமெரிக்கச் சங்கம் 1920களின் நடுவிலும், செயிண்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் 1929ஆம் ஆண்டிலும் ஏற்றன. ஆயினும் பாபி ஜோன்ஸ் 1930இல் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றது ஹிக்கரிக் காம்புகளைக் கொண்டுதான். கையுணர்வு ஒன்றையே அளவுகோலாக வைத்துக் குவியல் குவியலான காம்புகளிலிருந்து அவர் தம்முடையவற்றைத் தேர்ந்தார் என்றும், பிற்காலத்தில் கருவி கொண்டு சோதித்தபோது ஒன்றைத் தவிர எல்லாம் ஒரே சீராய் இருந்தன என்றும், அந்த ஒன்றோடு தமக்கு ஒத்துப்போகவில்லை என்று அவரே சொல்லி வந்தார் என்றும் கோல்ஃப் வட்டாரத்தில் ஒரு செய்தி வழங்குகிறது.

பின்னர் கரியிழைக் காம்பு வந்தது. 1979இல் டெய்லர்மேட் நிறுவனம் உலோகத் தலையைக் கொணர்ந்தது. 1991இல் கேலவே நிறுவனத்தின் ‘பிக் பெர்த்தா’ 190 கன செ.மீ. அளவில் வந்தபோது, இவ்வளவு பெரிய தலையா என்று வியந்தார்களாம். இன்று 460 கன செ.மீ. தலைகள் எங்கும் காணக் கிடைக்கின்றன. அதற்குமேல் போகக்கூடாது என 2004இல் விதி வகுத்தனர். முகத்தின் துள்ளலுக்கும் விதி உண்டு. இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. அளவுக்கும் எல்லை, துள்ளலுக்கும் எல்லை என்றாகிவிட்டபின், ஆண்டுதோறும் ‘புதியது, இன்னும் தொலைவு போவது’ என்று விளம்பரம் செய்து வரும் மட்டைகளில் உண்மையில் புதிதாவது என்ன?

இதை அவரிடம் கேட்டேன். அந்த ஆண்டின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்திருந்த மூன்று மட்டைகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒன்று டெய்லர்மேட்டின் கியூஐ10 மேக்ஸ். இன்னொன்று பிங் நிறுவனத்தின் ஜி430 மேக்ஸ் 10கே. மூன்றாவது கேலவேயின் பாரடைம் ஏஐ ஸ்மோக். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 600 டாலர். முதலிரண்டும் ‘பத்தாயிரம்’ என்னும் எண்ணைப் பெருமையாகச் சொல்பவை. அஃது என்ன பத்தாயிரம்? கழைக்கூத்தாடி கயிற்றில் நடக்கும்போது நீண்ட கழியொன்றைக் குறுக்கே பிடித்திருப்பதைக் கண்டிருக்கிறோம். எடை நடுவிலிருந்து விலகி ஓரங்களில் இருப்பதால் அந்தக் கழி எளிதில் சுழலாது, அவரும் விழமாட்டார். அவ்வாறே தலையின் எடையைப் பின்னோரத்துக்குத் தள்ளிவிட்டால், பந்து முகத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தலை சுழன்று கோணாது. அந்தச் சுழலாமையை இரு அச்சுகளில் அளந்து கூட்டிய தொகையே அந்தப் பத்தாயிரம். மூன்றாவது மட்டையில் முகத்தின் ஒவ்வோர் இடத்தையும் வெவ்வேறு தடிமனில் கணினியின் துணையோடு வடித்திருக்கிறார்கள், நோக்கம் அதுவே. நடுவில் அடிப்பவனுக்கு இவை தரும் தொலைவு சிறிது. ஓரத்தில் அடிப்பவனுக்குத் தரும் மன்னிப்பு பெரிது. வல்லவனைவிட எளியவனுக்கு உதவும் கருவி என்பதால் எனக்கு அவற்றின்மேல் ஒரு மதிப்பு உண்டாயிற்று.

“தலையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள் அய்யா. காம்பைப் பற்றிக் கேட்பவர் பத்தில் ஒருவர்” என்றார் மாணவர்.

காம்பு என்பது வெறும் கழியன்று. மட்டையை உயர்த்திக் கீழிறக்கத் தொடங்கும்போது தலை பின்தங்குகிறது. காம்பு பின்னோக்கி வளைகிறது. அங்கிருந்து பந்தைச் சேரும்வரை ஏறத்தாழக் கால் நொடிதான். அந்தக் கால் நொடிக்குள் காம்பு நிமிர்ந்து, பந்தைத் தொடும் கணத்தில் பெரும்பாலும் முன்னோக்கிச் சற்றே வளைந்தும் விடுகிறது. பந்தும் முகமும் சேர்ந்திருக்கும் நேரமோ நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. காம்பு அளவுக்கு மீறி விறைப்பாயிருந்தால் வேகம் குறைந்தவர் கையில் அது வளையாது. பந்து தாழ்ந்து, வலப்புறம் ஒதுங்கும். அளவுக்கு மீறித் துவண்டால் வேகம் மிகுந்தவர் கையில் முகம் எப்போது எங்கே நோக்கும் என்று சொல்ல இயலாது. இவையும் பொதுப்படையான கூற்றுகளே. ஒவ்வொரு உடலும் ஒவ்வொரு வகையில் சுழல்வதால் அடித்துப் பார்த்துத்தான் தேர வேண்டும் என்பது அவர் கருத்து.

இந்தத் துவளும் பண்புக்கு அவர்கள் ‘ஃப்ளெக்ஸ்’ என்கிறார்கள். நெகிழ்ச்சி என்றால் மனம் நெகிழ்வதாகிவிடும். துவள்தல் என்னும் வினையிலிருந்து ‘துவட்சி’ என்று கொடுத்தேன். காம்பு தன் நீளத்தை அச்சாகக் கொண்டு திருகிக்கொள்வதற்கு ‘முறுக்கம்’. இவ்விரண்டையும் உடனே குறித்துக்கொண்டார்.

துவட்சியை எழுத்துகளால் குறிக்கிறார்கள். பெண்டிருக்கு எல், முதியோருக்கு ஏ, நடுத்தரத்துக்கு ஆர், விறைப்புக்கு எஸ், மிகு விறைப்புக்கு எக்ஸ் என்பது வழக்கம். ஆனால் எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட பொது அளவு என ஒன்று இல்லை. எனக்கு இது நம்ப முடியாததாக இருந்தது. அவர் இரண்டு நிறுவனங்களின் ‘ஆர்’ காம்புகளை எடுத்து, ஒவ்வொன்றின் பிடிமுனையையும் ஓர் இடுக்கியில் இறுக்கி, நுனியைச் சுண்டிவிட்டார். வீணைத் தந்தி போல அதிர்ந்தது. நிமிடத்துக்கு எத்தனை அதிர்வு என்று அருகிலிருந்த கருவி காட்டியது. ஒன்று 240, மற்றொன்று 252. பெயர் ஒன்று, பொருள் வேறு. தமிழாசிரியனுக்கு இதைப் பார்த்தவுடன் என்ன தோன்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பட்டறையின் ஓரத்தில் ஒரு தராசும் இருந்தது. மட்டையின் மொத்த எடையை அன்று, வீசும்போது தலை எவ்வளவு கனமாகக் கைக்குப் படுகிறது என்பதை அளக்கும் தராசு. மேல்முனையிலிருந்து பதினான்கு அங்குலத்தில் தாங்குமுனையை வைத்து அளப்பர். தலையில் இரண்டு கிராம் கூடினால் ஒரு புள்ளி ஏறும்; நீளம் அரை அங்குலம் கூடினால் மூன்று புள்ளி ஏறும். அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைப் பற்றித் தனியொரு அத்தியாயமே ஓதும் சமுதாயத்தில் பிறந்த எனக்குத் தராசைக் கண்டால் ஒரு மரியாதை வரும். மாணவரும் அதை ஒவ்வொரு காலையிலும் துடைத்துச் சுழியத்தைச் சரிபார்த்த பின்னரே வேலை தொடங்குகிறார்.

இரண்டாம் நாள் முற்பகலில் ஒரு பெரியவர் வந்தார். வயது அறுபத்தெட்டு. கப்பல் பொறியாளராயிருந்து ஓய்வு பெற்றவர். முந்திய ஆண்டு வலத் தோளில் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர். பழைய மட்டை முன்போல அடிப்பதில்லை, புதியது வேண்டும், மகன் வாங்கித் தருகிறான் என்றார். காம்பு மட்டும் பழையபடி எஸ் ஆகத்தான் இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். அந்த எழுத்து அவருக்குக் காம்பின் அளவு அன்று. தம் உடலைப் பற்றிய சான்றிதழ். அதைக் கீழிறக்குவது, இன்னொருவர் வாயிலிருந்து ‘உங்களுக்கு வயதாகிவிட்டது’ என்று கேட்பதற்குச் சமம்.

மாணவர் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. வலைக்கு முன்னே நிறுத்தி முதலில் பழைய மட்டையாலேயே பத்துப் பந்துகள் அடிக்கச் சொன்னார். பின்னால் இருந்த ராடார் கருவி தலையின் வேகம், பந்தின் வேகம், எழும் கோணம், சுழற்சி எல்லாவற்றையும் திரையில் காட்டியது. தலையின் வேகம் மணிக்கு 82 மைல். பந்து காற்றில் சென்றது சராசரி 172 கஜம். பிறகு மூன்று புதிய தலைகள், அவர் கேட்டபடியே எஸ் காம்போடு. 174, 176, 178. அடுத்து, எந்த எழுத்தும் வெளியே தெரியாதபடி காகிதம் ஒட்டிய ஒரு காம்பைப் பொருத்திக் கொடுத்தார். பழையது 70 கிராம்; இது 50 கிராம் எடையுள்ள ஆர். முதல் இரண்டு அடிகள் தடுமாறின. மூன்றாவதிலிருந்து ஓசையே மாறிற்று. சராசரி 187. பெரியவர் திரையைப் பார்த்தார், காம்பைப் பார்த்தார், கேட்கவில்லை.

இங்கே நின்றிருந்தால் புதிய தலை, புதிய காம்பு என ஒரு நல்ல விற்பனை முடிந்திருக்கும். மாணவர் அந்தக் காம்பைக் கழற்றி, பெரியவரின் ஏழாண்டுப் பழைய தலையிலேயே திருகினார். ஒரே நிறுவனத்தின் மட்டைகள் ஆகையால் திருகுமுனை பொருந்தியது. 184 வந்தது.

“அய்யா, தொலைவில் மூன்று கஜம்தான் வேறுபாடு. புதிய தலையில் ஓரத்தில் பட்ட அடிகள் குறைவாகக் கோணுகின்றன, அது உண்மை. ஆனால் உங்கள் குறை தலையில் இல்லை, காம்பில் இருந்தது. காம்பை மட்டும் மாற்றினால் நான்கில் ஒரு பங்குச் செலவுதான். எது வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்” என்றார்.

பெரியவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு காகிதத்தைத் தாமே உரித்து எழுத்தைப் பார்த்தார். “ஆரா?” என்றார். காம்பை மட்டும் மாற்றித் தரச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை கடையின் மேலாளர் மாணவரைத் தனியே அழைத்தார். கண்ணாடிக் கதவுக்கு இப்பால் நான் இருந்தேன். மேலாளர் கடுஞ்சொல் கூறவில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. வந்தவர் புதியதை வாங்கும் மகிழ்ச்சியோடு வந்தார், மகன் பணம் தரக் காத்திருந்தான், கோணல் குறையும் என்பதை நீயே ஒப்புக்கொண்டாய், அப்படியிருக்க அவரைத் தடுக்க நீ யார் என்பது அவருடைய வாதம். தடுக்கவில்லை, இரண்டையும் சொன்னேன் என்பது மாணவரின் விடை. அந்த மாத விற்பனை இலக்குக்கு இன்னும் நான்கு மட்டைகள் குறைவு. இலக்கை எட்டினால்தான் ஊக்கத்தொகை. ஊரில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குத் தளம் போட அந்தத் தொகையை நம்பியிருந்தார் என்பதை இரவு சாப்பிடும்போது வேறு எதையோ பேசுகையில் சொன்னார். ஆசிரியன் என்ற முறையில் நான் ஏதேனும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவர் செய்தது சரி என்றேன். அதற்குமேல் அறவுரை கூற எனக்கு வாய் வரவில்லை. தளத்துக்கு வேண்டிய பணம் என் கையில் இல்லை.

மூன்றாம் நாள் அந்தக் காம்பை ஆயத்தம் செய்வதை முழுவதும் பார்த்தேன். நுனியை உரசிச் சொரசொரப்பாக்கி, இரண்டு குழைவுகள் சேர்ந்த பசையைக் கலந்து, திருகுமுனையை ஒட்டி, சுவரோரம் சாய்த்து வைத்தார். பசை இறுக ஓர் இரவு வேண்டும். அதற்கிடையில் தராசுக் கணக்கையும் பார்த்துவிட்டார். காம்பில் இருபது கிராம் குறைந்ததால் வீச்சில் இரண்டு புள்ளி இறங்கும். பெரியவருக்குத் தலை இருப்பதே தெரியாமல் போய்விடும். அதற்கென நான்கு கிராம் ஈயத் தகட்டை நறுக்கித் தலையின் அடியில் ஒட்ட எடுத்து வைத்தார். இந்த வேலைக்குக் கூலி ஒன்றும் கிடையாது, பில்லிலும் இராது. பிள்ளைப் பருவத்தில் கிட்டிப்புள் ஆடக் கழி வெட்டும்போது, கைக்கு எட்டிய கிளையை எல்லாம் விட்டுவிட்டு உயரமான கிளைக்கு ஏறிய தோழர்கள் சிலர் என் நினைவில் வந்தனர்.

சொல்தேட்டம் ஊர் திரும்பிய பின்னும் தொடர்ந்தது. ‘ஃபிட்டிங்’ என்பதற்குப் ‘பொருத்தம் பார்த்தல்’ என்று எழுதலாமா என்று கேட்டார். திருமண நினைவு வரும் என்று தயங்கினார். வரட்டுமே என்றேன். மணம் பேசும்போது நம்மவர் ‘குஃபு’ பார்ப்பதும் ஒருவகையில் இதுதான். உயர்ந்தது எது என்று பாராமல் ஒத்தது எது என்று பார்ப்பது. பந்தைக் கோலால் அடித்தாடுவதற்குச் ‘செண்டாடுதல்’ என்னும் பழஞ்சொல் நம்மிடம் உண்டு; குதிரைமேல் ஏறி ஆடிய களத்துக்குச் செண்டுவெளி என்றே பெயர். அதே ஆட்டத்தின் கோலைச் சௌகான் என்று பாரசீகக் கவிஞர் பாடித் தீர்த்திருக்கின்றனர். ஆகவே கோல்ஃபைச் ‘செண்டு’ என்று சொல்லிவிடலாமா என்று அவர் ஆர்வத்தோடு கேட்டபோது நான் உடன்படவில்லை. வேறொன்றுக்கு உரிய பெயரைப் பழமை என்பதற்காக இதன்மேல் போர்த்துவது நேர்மையாகாது. கோல்ஃப், கோல்ஃபாகவே இருக்கட்டும்.

அந்த ஆண்டு நோன்பு மாதத்தில் ஒருநாள் சஹர் நேரத்தில் தொலைபேசியில் அழைத்தார். ஊக்கத்தொகை வரவில்லை. பட்டறையிலிருந்து வாரத்தில் மூன்று நாள்கள் விற்பனை மேடைக்கு மாற்றியிருக்கிறார்கள். குறிப்பேட்டை அங்கே எடுத்துச் செல்ல இடமில்லை. சட்டைப் பையில் அடங்கும் சிறிய ஏடாக மாற்றிக்கொண்டாராம். பெரியவர் ஒருமுறை வந்து போனார். பிடியுறை மட்டும் மாற்றிக்கொண்டார். வீட்டுத் தளம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போயிற்று. இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “அய்யா, ஒரு சொல் பாக்கி இருக்கிறது” என்றார். காம்பு எந்த இடத்தில் மிகுதியாக வளைகிறதோ அந்த இடத்துக்குப் பெயர் வேண்டும். நுனிக்கு அருகில் வளைந்தால் பந்து எழும்பும், பிடிக்கு அருகில் வளைந்தால் தாழும் என்று வாடிக்கையாளர்களுக்கு விளக்கிச் சொல்வார்களாம். வளைவு என்று எழுதினால் முழுக் காம்பின் வளைவோடு குழம்புகிறது; புதிய ஏட்டில் கட்டமும் சிறிது.

கொடி பூப்பாரம் தாங்காமல் ஓரிடத்தில் சாய்வதைப் பழந்தமிழ் ஒசிதல் என்று சொல்லும். ‘ஒசிவு’ என்றேன். வல்லின ‘ச’வா என்று கேட்டு, எழுத்தெழுத்தாய்ச் சொல்லி எழுதிக்கொண்டார். அதற்குள் அங்கே பாங்கு ஒலித்துவிட்டது.